தூண் மறைத்த பெஞ்சு

குருமனையில் வளர்ந்தவர்களே, யாராவது சொந்த ஊர் எது என்று கேட்டால் நீங்கள் என்ன பதில் சொல்கிறீர்கள்? எனக்கு இந்த வயதிலும் தடுமாற்றம்தான். சபைக் குருவை ஐயர் என்றும் தேவாலயத்தைக் கோயில் என்றும் அழைக்கும் பக்கத்துப் பிள்ளைகள் நாம். ஐயருக்கு மாற்றல் உத்தரவு வந்தால் லாரி வரும். பீரோவும் பாத்திர மூட்டையும் ஏறும். புது ஊரின் குருமனைச் சுவரில் முந்தைய ஐயரின் பிள்ளைகள் தங்கள் உயரத்தைக் குறித்த பென்சில் கோடுகள் இருக்கும். அவற்றின் பக்கத்தில் நம் கோட்டையும் போட்டுவிட்டு, அவர்கள் வைத்துவிட்டுப் போன முருங்கையில் காய் பறித்துச் சாப்பிடத் தொடங்குவோம். நாம் கிளம்பும்போது அடுத்தவர்களுக்கு எதை விட்டுவிட்டுப் போனோம் என்று நான் சமீப காலமாக யோசித்துப் பார்க்கிறேன்.

இது தாயில்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நாங்கள் இருந்தபோது வந்த ஒரு தீபாவளி சீசனைப் பற்றியது. நான் தினமும் நாட்குறிப்பு எழுதுகிறவள். எழுதும்போது ஒரு விதி வைத்திருக்கிறேன்: கண்ணால் பார்த்ததையும் பிறர் சொல்லிக் கேட்டதையும் கலக்கக் கூடாது. அந்தச் சீசனில் எனக்கு நாட்குறிப்பு எழுதும் வயது இல்லை, ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். ஆனாலும் இங்கேயும் அந்த விதியைக் காப்பாற்றப் பார்க்கிறேன். எது பார்த்தது, எது பின்னால் தெரிந்தது என்று அந்தந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

முதலில் கோயிலைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நடந்தது எல்லாம் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பதில்தான் இருக்கிறது. ஓட்டுக் கூரை. இரண்டு பக்கமும் பருத்த தூண்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் மறு பக்கம், எல்லாருக்கும் தரையில் கோரைப்பாய். ஆண்கள் பக்கம் முன் மூலையில், பீடத்துக்குக் கீழே, காலால் மிதித்து வாசிக்கும் ஆர்மோனியம். அதை வாசிப்பவருக்குப் பீடம் முதுகுப் பக்கம் இருக்கும், முகம் பெண்கள் பக்கம் பார்த்திருக்கும். பெண்கள் பக்கம் சுவரை ஒட்டி ஒரே ஒரு சாய்வு பெஞ்சு கிடந்தது. அது ஐயரம்மாவுக்கு, அதாவது என் அம்மாவுக்கு. அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தால் பீடம் நன்றாகத் தெரியும். ஆர்மோனியம் தெரியாது. தூண் மறைக்கும்.

அந்தக் கோயிலின் ஞாயிற்றுக்கிழமை வாசனை எனக்கு இன்னும் மூக்கில் இருக்கிறது. தேங்காய் எண்ணெயும் மல்லிகையும், அவற்றுக்கு அடியில் லேசாகக் கந்தகமும். சபையில் பாதிப் பேருக்கு மேல் பட்டாசு ஆபீசில் வேலை. எங்கள் பக்கம் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் விரல் ரேகைக்குள் அலுமினியத் தூள் மிச்சமிருக்கும். அதனால் அந்தக் கோயிலின் பாட்டுப் புத்தகங்களில் பக்க ஓரமெல்லாம் வெள்ளிக் கட்டைவிரல் தடங்கள். அதிகம் பாடப்படும் பாட்டு எது என்று அறிய எண் தேவையில்லை, மினுங்குகிற பக்கத்தைப் புரட்டினால் போதும்.

ஆர்மோனியம் வாசித்தவரை ஊர் பெட்டி அண்ணாச்சி என்றது. நான் பெட்டி மாமா என்பேன். ஒல்லியான உயரமான மனிதர். வாரத்தில் ஆறு நாள் ஆபீசில் போர்மேன், ஏழாம் நாள் வெள்ளைச் சட்டையும் இடுப்பில் சாவிக் கயிறுமாகப் பெட்டியின் முன்னால். பாடகர் குழுவைப் பழக்கியதும் அவர்தான். குழுவில் முதல் குரல் ஒரு அக்கா. ஆபீசில் சரவெடிக்குத் திரி வைப்பது அவர் வேலை, அதனால் அவர் எனக்குத் திரி அக்கா. சனிக்கிழமைப் பாட்டுப் பயிற்சிக்கு வேலை முடிந்து அப்படியே வந்துவிடுவார், மூக்கு நுனியில் வெள்ளித் தூளோடு.

"ஏ பிள்ள, ராகம் வீட்டுக்குப் போயிருச்சு, நீ இன்னும் பாதி வழில நிக்கியே," என்பார் மாமா.

"நீங்க பெட்டிய மிதிக்கிற மிதில ராகம் பயந்து ஓடுது அண்ணாச்சி. நா என்ன செய்ய?" என்பார் அக்கா.

கோயில்பிள்ளை, மணி அடித்துக் கோயிலைப் பெருக்கும் கிழவர், வாசலில் இருந்தபடியே சேர்ந்துகொள்வார். "ரெண்டு பேரும் சண்டைய முடிச்சிட்டுச் சொல்லுங்க, நா வெளக்குமாத்த எடுக்கணும்."

அக்காவுக்குப் பிடித்த கீர்த்தனை ஒன்று உண்டு. சாயங்கால நேரத்துக்கான பாட்டு. அவர் எடுத்துக் கொடுத்தால்தான் சபை பின்னால் வரும். மாமா அவருடைய குரல் நிற்கும் இடத்தைக் கேட்டு, அதற்கேற்ற சுருதிக் கட்டையைத் தேடிப் பிடிப்பார். ஒரு குரலுக்காக ஒரு மனிதர் அவ்வளவு கவனமாகக் காது கொடுத்ததைப் பிறகு நான் எந்தப் பெரிய கோயிலிலும் பார்த்ததில்லை.

தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் சீசன் உச்சத்துக்கு வந்தது. சனிக்கிழமைப் பயிற்சி நின்றது. லோடு லாரிகள் கோயில் வாசல் வழியாகப் போய்க்கொண்டே இருந்தன. ஒரு நாள் பகலில், பள்ளிக்கூடத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது ஜன்னல் கதவு தானாக அடித்துச் சாத்திக்கொண்டது. பிறகுதான் சத்தம் வந்தது. அப்படி ஒரு சத்தத்தை முதலில் நெஞ்சில்தான் கேட்போம். டீச்சர் கையிலிருந்த சாக்பீஸைக் கீழே போட்டுவிட்டு ஓடினார், அவர் தம்பிக்குப் பட்டாசு ஆபீசில் வேலை. கோயில்பிள்ளை நிறுத்தாமல் மணி அடித்தார். கரிசல் காட்டுக்கு மேலே புகை நிமிர்ந்து நின்றது.

நான் கண்ணால் பார்த்தது இது. ஓடைப் பாலத்தின் அருகில் ஊர்ப் பெண்கள் எல்லாரும் நின்றார்கள். புகை இருந்த பக்கத்திலிருந்து பெட்டி மாமா நடந்து வந்தார். தலை, புருவம், சட்டை எல்லாம் வெள்ளி. கோயில் படத்தில் வரும் தேவதூதனைப் போல இருந்தார். பெண்கள் அவரைச் சூழ்ந்து தங்கள் ஆட்களைப் பற்றிக் கேட்டார்கள். அவர் ஒருவருக்கும் பதில் சொல்லவில்லை. அவர் மனைவி கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் அவர் முகத்தை இரண்டு கையாலும் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். நான் அவரை அத்தை என்பேன்.

ஆபீசில் மாமாவுக்கு அடுத்த அறையில் இருந்தவர்கள் வரவில்லை. திரி அக்கா வரவில்லை. அவருடைய சவப்பெட்டியைத் திறக்காமலேயே அடக்கம் செய்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா மாமாவை முன்னால் வரச் சொன்னார். துக்கத்தில் இருக்கும் சபைக்கு ஒரு ஆறுதல் காட்ட வேண்டும் என்பது அப்பாவின் எண்ணமாக இருந்திருக்கும். மாமாவின் தோளில் கை வைத்து, "இவருடைய உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஒரே ஒரு கீறல்கூட இல்லை. இதற்காகத் தேவனை ஸ்தோத்திரிப்போம்," என்றார். சபை முழங்காலில் நின்றது. அழாதவர்கள் இல்லை. பிறகு மாமாவைச் சாட்சி சொல்லும்படி அப்பா கேட்டார். மாமா அப்படியே நின்றார். முன்வரிசையில் இருந்த அத்தை, உதட்டை அசைத்து ஏதோ காட்டினார். மாமா, "தோத்திரம்!" என்றார். கோயில் அதிரும் சத்தம். பாயில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை ஒன்று வீறிட்டது. உணர்ச்சி மிகுதி என்று எல்லாரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இனி பின்னால் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மற்றது புரியாது. மாமாவுக்குக் காது போய்விட்டது. ஒரு காதில் முழுதும். மற்றதில், பக்கத்தில் வந்து கத்தினால் தூரத்தில் யாரோ பேசுவது போல் இருக்குமாம். இது அத்தைக்கு மட்டும்தான் தெரியும். இரண்டு பேரும் சேர்ந்து அதை மறைத்தார்கள். மறைத்தால்தான் பெட்டி அவரிடம் இருக்கும். அந்தப் பெட்டியைத் தவிர அவருக்கு இந்த உலகத்தில் சொந்தமாக எதுவும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. பிள்ளைகூட அப்போது பிறந்திருக்கவில்லை.

பாட்டுகளைப் பொறுத்தவரை பிரச்சினை இல்லை. எண்கள் பலகையில் தொங்கும். சரணங்கள் எத்தனை என்று அவருக்கு மனப்பாடம். சபை எழுந்தால் தொடங்குவார், சரணங்கள் முடிந்தால் நிறுத்துவார். விரல்களுக்குக் காது தேவைப்படவில்லை. ஆனால் கணக்கு இல்லாத வாசிப்பு ஒன்று உண்டு. காணிக்கை எடுக்கும்போதும் திருவிருந்து நேரத்திலும் வார்த்தை இல்லாமல் மெதுவாக வாசித்துக்கொண்டே இருக்க வேண்டும். பீடத்திலிருந்து அப்பா பேசத் தொடங்கும் கணத்தில் நிறுத்த வேண்டும். பீடமோ அவர் முதுகுக்குப் பின்னால்.

அதற்குத்தான் அத்தை இடம் மாறினார். முன்பெல்லாம் வாசல் பக்கம், கைக்குழந்தைக்காரிகளோடு உட்காருவார். இப்போது பெண்கள் பக்கத்தின் முன்பாயில், ஓரத்தில், மாமாவுக்கு நேராக உட்கார்ந்தார். புத்தகத்தை நெஞ்சுக்கு உயர்த்தினால் தொடங்கு. முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டால் நிறுத்து. கண்ணை மூடிச் செய்யும் ஜெபத்தின் முடிவிலும் அதே முக்காடுதான், உடனே மாமாவின் ஆமென் வரும். ஒரு பெண் கோயிலில் முக்காட்டைச் சரிசெய்வதை யார் கவனிக்கப் போகிறார்கள்?

பெண்கள் கவனித்தார்கள். குருமனைச் சமையலறையில் அம்மாவிடம் அவர்கள் பேசியதை நான் கேட்டிருக்கிறேன்.

"ஐயரம்மா, நா சொன்னேன்னு சொல்லிராதீக. அந்தப் பிள்ள கண்ண மூடுதே இல்ல. ஆராதன முழுக்கப் புருசன் மூஞ்சியத்தான் பாக்கா."

"சாவுல இருந்து திரும்பி வந்தவுக. பாக்கட்டுமே," என்றார் இன்னொருவர்.

"வீட்டுல வச்சுப் பாக்கட்டும்த்தா. இங்கன வந்தா முக்காட இழுக்கதும் விடுறதும், என்னமோ புதுப்பொண்ணு கணக்கா."

எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார் என்றுதான் நினைவு. ஆண்கள் பக்கம் வேறு மாதிரிப் பேச்சு. சபைச் செயலர், எங்கள் பள்ளித் தலைமையாசிரியர், வாசலில் வைத்து அப்பாவிடம் சொன்னார்: "பெட்டி அண்ணாச்சி முந்தி மாதிரி இல்ல ஐயா. தெருவுல பாத்துத் தோத்திரம் சொன்னா திரும்பிப் பாக்கிறதில்ல. கர்த்தர் காப்பாத்தினாருன்னு நாம தூக்கி வச்சதுல தலைக்கு ஏறிருச்சு."

"துக்கத்துல இருக்காரு. விடுங்க," என்றார் அப்பா. அன்றைக்கு அவர் விட்டுத்தான் பிடித்தார்.

தீபாவளி முடிந்தது. சீசன் முடிந்த ஊரில் ஒரு வெறுமை வரும். லாரிச் சத்தம் இல்லாமல் கோழிகள் பேசுவது கேட்கும். அந்த அமைதியில்தான் கல்லறைத் திருநாள் வந்தது.

அந்தச் சபையில் அன்றைக்கு ஒரு முறைமை உண்டு. அந்த வருடம் மரித்தவர்களின் பெயர்களை ஐயர் பீடத்தில் நின்று வாசிப்பார். பெயர் வாசிக்கப்பட்டதும் அந்த வீட்டார் எழுந்து போய் ஒரு மெழுகுவத்தி ஏற்றுவார்கள். பெயர் கோயிலில் ஒலிப்பது அந்த ஒரு தடவைதான். அதோடு அந்த ஆளை ஊர் முழுமையாக அனுப்பிவைத்ததாக அர்த்தம். பெயர் வாசிக்கும்வரை துக்க வீட்டில் பெண்கள் பூ வைக்க மாட்டார்கள். வெளியூர்ப் பிள்ளைகளும் அந்த நாளுக்கு வந்துவிடுவார்கள். திரி அக்காவின் அம்மா விடிந்ததும் கோயிலுக்கு வந்து, பூட்டிய கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்ததைக் கோயில்பிள்ளை வந்து சொன்னார்.

அன்று கூட்டம் அதிகம். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தார். முன்பாயில் அத்தை முக்காட்டைச் சரிசெய்தபடி இருந்தார். அம்மா அவரைப் பார்த்தார். பின்னால் பெண்கள் முழங்கையால் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டதையும் பார்த்தார். நேரே போய் அத்தையின் கையைப் பிடித்தார்.

"வா, வந்து எம் பக்கத்துல உக்காரு."

"இல்லம்மா, நா இங்கனயே இருந்துக்கிடுதேன்."

"எல்லாரும் உன்னையே பாக்குறாங்கன்னு உனக்குக் கூச்சமா இருக்கு. நான் கவனிச்சிட்டுத்தான் இருக்கேன், முக்காட்டை இழுத்து இழுத்து முகத்தை மறைக்கிற. அங்க வந்தா தூண் இருக்கு. யாரு கண்ணும் படாது."

"வேண்டாம்மா. அம்மா, சொல்லுததக் கேளுங்க, நா இங்கன..."

"ஐயரம்மா பெஞ்சுல உக்கார இவ்வளவு யோசனையா? எந்திரி."

அம்மா சிரித்துக்கொண்டே இழுத்தார். அது அந்தச் சபையில் எந்தப் பெண்ணுக்கும் கிடைக்காத மரியாதை. நீங்களும் நானும் குருமனைப் பிள்ளைகள், நமக்குத் தெரியும், ஐயரம்மாவின் அன்பை மறுக்க அங்கே ஒருவருக்கும் வழி கிடையாது. அத்தை எழுந்து வந்தார். எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் உட்கார்ந்தார். ஆராதனை முழுக்கத் தூணுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கழுத்தை நீட்டிப் பார்த்தார். அம்மா அவர் முதுகைத் தட்டிக் கொடுத்தார்.

பெயர் வாசிப்பதற்கு முன்னால் ஆர்மோனியம் மட்டும் மெதுவாக ஒலிக்க வேண்டும். மாமா தொடங்கினார். திரி அக்காவின் கீர்த்தனை. சாயங்காலப் பாட்டைக் காலையில் வாசிக்கிறாரே என்று நான் நினைத்தேன். அப்பா பீடத்தில் எழுந்து நின்றார். வழக்கமாக அந்த இடத்தில் பெட்டி அடங்கும். அப்பா அந்த நம்பிக்கையில் வாசிக்கத் தொடங்கிவிட்டார். பெட்டி அடங்கவில்லை.

ஒலிபெருக்கி இல்லாத கோயில். அப்பாவின் உதடு அசைந்தது. எங்களுக்கு எட்டியது ஆர்மோனியம்தான். முதல் பெயருக்கு உரியவர்கள் குழம்பி, பாதி எழுந்து, மெழுகுவத்திகள் இருந்த பக்கம் போனார்கள். அப்பா குரலை உயர்த்தினார். மாமா தலையைக் குனிந்து, காலை நிதானமாக மிதித்து, பாட்டின் மேல் ஸ்தாயிக்குப் போனார். என் பக்கத்தில் அத்தை எழப் பார்த்தார். அம்மா, "உக்காரு, உக்காரு," என்று தோளை அழுத்தினார்.

அப்போது திரி அக்காவின் அம்மா பாயிலிருந்து எழுந்தார்.

"வாசிச்சாச்சா?" என்று சுற்றிலும் பார்த்துக் கேட்டார். "ஏ, எம் மவ பேரு வாசிச்சாச்சா? எனக்குக் கேக்கலையே. யாருக்காவது கேட்டுச்சா?"

யாருக்கும் தெரியவில்லை. அந்த அம்மா மார்பில் அடித்துக்கொண்டு, "எம் மவ பேரச் சொல்ல விடுங்களேன், ஒரு தடவதான, ஒரே ஒரு தடவதான," என்று கத்தினார். கீர்த்தனை போய்க்கொண்டே இருந்தது. அப்பா பீடத்தைவிட்டு இறங்கினார். ஆராதனை நடுவில் அவர் இறங்கி நான் பார்த்ததே இல்லை. அங்கி தரையில் புரள நடந்துபோய், மாமாவின் விரல்கள் மேலேயே இருக்க, பெட்டியின் மூடியைச் சாய்த்து மூடினார். மாமா கையை உருவிக்கொண்டு நிமிர்ந்தார். அவர் பார்த்தது அப்பாவை இல்லை. காலியாக இருந்த முன்பாயின் ஓரத்தை.

அப்பா மறுபடியும் பீடத்துக்குப் போய்த் திரி அக்காவின் பெயரைத் தெளிவாக வாசித்தார். அதற்குள் பெண்கள் அந்த அம்மாவைத் தூக்கிக்கொண்டுபோய் வெளியே வேப்பமரத்தடியில் படுக்கவைத்து முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். அக்காவின் மெழுகுவத்தியைக் கோயில்பிள்ளைதான் ஏற்றினார்.

சாயங்காலம் குருமனை வராந்தாவில் மாமாவும் அத்தையும் நின்றார்கள். அப்பாவும் செயலரும் நாற்காலியில் இருந்தார்கள். நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் அம்மாவோடு.

"அண்ணாச்சி, எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். ஏன் நிறுத்தல?" என்றார் அப்பா.

மாமா அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை முந்திக்கொண்டார். "தெரியாம நடந்துபோச்சு ஐயா. மன்னிச்சிருங்க."

"அவுகளுக்கு வாயில்லையாக்கும்?" என்றார் செயலர். "எதக் கேட்டாலும் நீயே பதில் சொல்லுத. பெத்தவ கதறுதா, ஐயா பீடத்துல நிக்காக, இவுக பாட்டுக்குக் கச்சேரி வாசிக்காக. என்ன நெனப்பு இது?"

அப்பா நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். பிறகு, "கொஞ்ச நாளைக்குப் பெட்டி மூடியே இருக்கட்டும்," என்றார். சொல்லிவிட்டுக் கையை நீட்டினார். நீட்டிய கை புரிந்தது. மாமா இடுப்புக் கயிற்றை அவிழ்த்தார். முடிச்சு இறுகியிருந்ததால் நேரமானது. சாவியை அப்பாவின் உள்ளங்கையில் வைத்துவிட்டு, தெருவுக்கே கேட்கும்படி, "எலி கடிச்சிரும் ஐயா! துருத்தித் தோலுக்கு வேப்பெண்ண தடவச் சொல்லுங்க!" என்றார்.

அவர்கள் போனதும் செயலர், "பாத்தீகளா, எம்புட்டு அதிகாரம், ஐயாட்டயே கத்துதாக," என்றார். அம்மா என் தலையைத் தடவியபடி, "பாவம், அந்தப் பொண்ணு நல்லவ. அவரு இப்படி ஆயிட்டாரு," என்றார்.

அந்தக் கிறிஸ்துமஸுக்குப் பெட்டி இல்லாமல் பாடினோம். ஆளுக்கு ஒரு கட்டையில் ஆரம்பித்து எங்கெங்கோ போய் முடிந்தது. பிறகு அப்பா மனம் கேட்காமல் தானே மாமாவின் வீட்டுக்குப் போனார், என்னையும் கூட்டிக்கொண்டு. அத்தைதான் வாசலில் பேசினார். "கண்ணு மங்கிப்போச்சு ஐயா. பாட்டு நம்பரு தெரிய மாட்டேங்குது. வேற யாரையாச்சும் பாத்துக்கிடுங்க." உள்ளே மாமா முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பலகை. அதன்மேல் விரல்கள் அசைந்துகொண்டிருந்தன. பீடி சுற்றுகிறாரோ என்று நினைத்தேன்.

கோடையில் மாற்றல் உத்தரவு வந்தது. சாமான்களை லாரியில் ஏற்றிய பிறகு, குருமனைப் படியில் நின்று அப்பா கடைசி ஜெபம் செய்தார். ஊர் கண்ணை மூடியது. ஜெபத்தில் கண்ணைத் திறந்து பார்ப்பது நம் எல்லாருக்கும் இருந்த திருட்டுப் பழக்கம். திறந்தேன். கூட்டத்தின் கடைசியில் பெட்டி மாமாவும் கண்ணைத் திறந்தபடி நின்றார். அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டார். மாமா, "ஆமென்," என்றார், எல்லாரோடும் சரியாகச் சேர்ந்து. நம்மைப் போலப் பெரியவர்களும் கண்ணைத் திறந்து விளையாடுகிறார்கள் என்று எனக்கு ஒரே சந்தோஷம். லாரியில் ஏறி உட்கார்ந்து அவர்களுக்குக் கையாட்டினேன்.

அம்மா இறந்தபோது, விருதுநகரில் எங்கள் வீட்டுக்கு வந்தவர்களில் ஒரு வயதான பெண்ணை எனக்கு அடையாளம் தெரியவில்லை. காரியாபட்டியில் மகனோடு இருப்பதாகச் சொன்னார். அடக்க ஜெபம் முடியும் நேரத்தில் அவர் கை தானாக முக்காட்டை முன்னுக்கு இழுத்தது. பழகிய கை. பார்ப்பதற்குத்தான் எதிரே யாரும் இல்லை, மாமா போய் வெகுகாலம் ஆகியிருந்தது. அந்த அசைவில்தான் எனக்கு அவரைத் தெரிந்தது. கிணற்றடியில் வைத்து, மேலே நான் பின்னால் தெரிந்தது என்று எழுதியதை எல்லாம் சொன்னார்.

"அப்பவே அப்பாட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாமே அத்தை?"

"எந்த வாயால சொல்லச் சொல்லுத? அந்தப் பிள்ள செத்துக் கெடக்கு. இவுகளுக்குக் காது கேக்கலன்னு போய் நிக்கவா? அதுவும் போக, ஒரு கீறல் இல்லைன்னு ஐயா கோயில்ல வச்சுச் சொல்லிட்டாக. சபையே முழங்கால் போட்டுச்சு. அதுக்குப் பெறவு கீறல் இருக்குன்னா, ஐயாவப் பொய்யாக்குன மாதிரி ஆயிராதா?"

பிறகு அவரே சொன்னார். "அவளுக்காகத்தான் அன்னைக்கு அந்தப் பாட்ட வாசிச்சாக. அவ பேரு மேலேயே வாசிச்சுப்புட்டோமேன்னு சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாக. பலகைய மடில வச்சு வாசிப்பாக, அதுலகூட அந்தப் பாட்ட மட்டும் தொட மாட்டாக."

கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஐயாட்ட சொல்லிராத தாயி. இம்புட்டு வயசுக்கு மேல அவுகளுக்கு எதுக்கு இந்தப் பாரம்." சொல்ல மாட்டேன் என்றேன்.

அப்பா இப்போது என்னோடு இருக்கிறார். சில வருடங்களாக அவருக்குக் காது வெகுவாகக் குறைந்துவிட்டது. கருவி வாங்கிக் கொடுத்தேன், இரைச்சலாக இருக்கிறது என்று கழற்றி வைத்துவிட்டார். கோயிலில் எல்லாரும் உட்கார்ந்த பிறகும் நின்றுகொண்டிருப்பார். ஜெபம் முடிந்து சபை பாட்டுக்கு எழும்போது இவர் மட்டும் கண்ணை மூடியபடி இருப்பார். வாழ்நாளெல்லாம் ஆராதனை நடத்தியவர். பின்னால் வாலிபர்கள் சிரிக்கிறார்கள். ஆகவே நான் அவருக்கு நேரே, முன்வரிசை ஓரத்தில் உட்கார ஆரம்பித்தேன். முடிகிற இடத்தில் முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிடுவேன். இரண்டொரு வாரத்தில் அப்பா பிடித்துக்கொண்டார். அவருடைய ஆமென் மறுபடியும் சரியான இடத்தில் விழுந்தது. இதை அவரிடம் நான் விளக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை, கோயில் முடிந்து ஆட்டோவுக்காக நிழலில் நின்றோம். அப்பா கைத்தடியைத் தரையில் ஊன்றி, வெகுநேரம் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தாயில்பட்டிப் பக்கம் இருந்தோமே," என்றார். "அந்தப் பெட்டிக்கார அண்ணாச்சி."

நான் ஆட்டோ வருகிறதா என்று பார்ப்பதுபோல் சாலைப் பக்கம் திரும்பினேன்.

"அவர் சம்சாரம் முன்பாயில உக்காருவா. முக்காட்டை இழுத்துவிட்டுக்கிட்டே இருப்பா." நிறுத்தினார். "அன்னைக்கு அவ அங்க இல்லையே. கல்லறைத் திருநாள் அன்னைக்கு. பாய் காலியா இருந்துச்சு. அவ எங்க உக்காந்திருந்தா?"

சாலையில் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. அவருக்குக் கேட்க வேண்டுமானால் கத்த வேண்டும். அது நடுச்சாலையில் கத்திச் சொல்கிற பதில் இல்லை. அத்தைக்குக் கொடுத்த வாக்கும் நினைவில் இருந்தது. அப்பா என் பக்கம் முழுதாகத் திரும்பிவிட்டார்.

"அம்மா பக்கத்துல, அப்பா," என்றேன், எனக்கே கேட்காத அளவுக்கு மெதுவாக.

அவர் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.